கேபிளில் 94, வைஃபையில் 12: கோத்தகிரி வீட்டில் எங்கே கோளாறு?

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். எங்களுடையது தாத்தா காலத்துக் கருங்கல் வீடு, சுவர் ஒன்றரை அடி கனம். போன மாதம் ஃபைபர் இணைப்பு வாங்கினோம், 200 எம்பிபிஎஸ் திட்டம். ரூட்டர் முன்னறையில், இரும்பு பீரோ மேல் இருக்கிறது. லேன் கேபிள் சொருகினால் லேப்டாப்பில் 94 வருகிறது. அதே அறையில் வைஃபை என்றால் 40. பின்னறையில் 12. மூடுபனி இறங்கும் சாயங்காலங்களில் இன்னும் மோசம். தங்கை பின்னறையில்தான் ஆன்லைன் வகுப்பு கவனிக்கிறாள், பாதியில் குரல் அறுந்துபோகிறது. பனிதான் காரணமா? கடையில் 6,000 ரூபாய்க்குப் புது ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில் (குன்னூர்):
தம்பி, அந்தப் பணத்தை இப்போதைக்கு எடுக்காதீர்கள். பனி காரணமில்லை. வைஃபை ஓடும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளை ஒரு வீட்டுத் தூரத்துக்குள் மூடுபனி ஒன்றும் செய்யாது. பனி இறங்கினால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்காருகிறோம். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கிறது. அதே சாயங்காலம் கேபிளிலும் அளந்து பாருங்கள். அதில் குறையவில்லை என்றால் சிக்கல் வைஃபையில்தான்.

கேபிளில் ஒரே சமயத்தில் போகவும் வரவும் முடியும், குறுக்கே யாரும் வரமாட்டார்கள். வைஃபைக்கு நம் மலைப்பாதையின் குறுகலான வளைவை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற பஸ்ஸுக்கு வழிவிட்டு, இறங்குகிற லாரி ஒதுங்கி நிற்கும். ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசைப் பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம், மற்றவை காத்திருக்க வேண்டும். அனுப்பியது சேர்ந்தது என்று பதிலும் வர வேண்டும், வராவிட்டால் திரும்ப அனுப்ப வேண்டும். அதனால்தான் 2.4-இல் லேப்டாப் 144 என்று காட்டினாலும் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி. பக்கத்து வீடும் அதே சேனலில் இருந்தால் அதற்கும் கீழே.

முதலில் ரூட்டரை பீரோ மேலிருந்து இறக்குங்கள், இரும்பு அலையைத் தடுக்கும். முன்னறையில் 5-க்கு மாறுங்கள். பின்னறைக்கு 2.4 தான், ஏனென்றால் கனமான கல்லைத் தாண்டும்போது 5 சீக்கிரம் சோர்ந்துவிடும். ஐப்பசி மழையில் சுவர் ஊறினால் இரண்டுமே இன்னும் குறையும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும். அவற்றில் நெரிசல் குறைந்ததை வையுங்கள்.

பதில் (ஊட்டி):
எனக்கு உறுத்துவது அந்த 94. 200 திட்டத்தில் 94-இல் நிற்கிறது என்றால் கேபிள் இணைப்பே 100 எம்பிபிஎஸ் வேகத்தில்தான் ஓடுகிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100-க்கு நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று முனையில் விட்டுப்போனாலும் 100-க்கு இறங்கிவிடும். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அதிலும் 94 என்றால் ரூட்டரின் போர்ட்டோ லேப்டாப்பின் போர்ட்டோ 100 மட்டும் தாங்கக்கூடியது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பக்கத்து வீட்டில் கேபிள் வாங்கிப் போட்டேன், 190 வந்துவிட்டது! ரூட்டரை மேசைக்கு மாற்றி 5-இல் போட்டதும் முன்னறையில் 170. சேனலை 6-லிருந்து 1-க்கு மாற்றிய பிறகும் பின்னறையில் 25-ஐத் தாண்டவில்லை. வைஃபையை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் எக்ஸ்டெண்டர் ஒன்று வாங்கட்டுமா?

பதில் (கொடைக்கானல்):
எங்கள் வீடும் கல் வீடுதான், எக்ஸ்டெண்டர் வாங்கி ஏமாந்தேன். சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே சேனலில் வாங்கி அதே சேனலில் திருப்பி அனுப்பும், வேகம் பாதியாகிவிடும். அதற்குப் பதில் முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரு கேட் 5இ ரக லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். அந்த முனையில் பழைய ரூட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபை மட்டும் கொடுக்கும் கருவியாக, வையுங்கள். அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு இணைய முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்துவிட்டு, கேபிளை லேன் போர்ட்டில் சொருக வேண்டும். கல்லைத் துளைக்க வேண்டாம், தகரக் கூரைக்குக் கீழே பலகை மச்சு இருந்தால் அதன் மேலே போகலாம்.

கேட்டவர்:
மச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை 20 மீட்டர் வாங்கி இழுக்கிறேன். வெளிச்சுவரோடு போனால் தூரம் குறையும், போகலாமா?

பதில் (கொடைக்கானல்):
வேண்டாம் தம்பி. இடி மின்னல் நாளில் வெளியே ஓடும் செம்புக் கம்பி இரண்டு ரூட்டரையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். ஐந்து மீட்டர் கூடினாலும் உள்ளேயே இழுங்கள்.