ஈஸ்ட் ப்ளூவை மறுபடி சொல்லத்தான் வேண்டுமா?

செக்காலை ஜோரோ:
சனிக்கிழமை கல்லுக்கட்டியில் டீ குடிக்கும்போது ஆரம்பித்த சண்டை. அங்கே முடியவில்லை, இங்கே முடிப்போம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ‘ஒன் பீஸ்’ என்ற கடற்கொள்ளையர் கதையின் அனிமேவை (ஜப்பானிய அனிமேஷன் தொடரை) டோயி நிறுவனம் 1999 அக்டோபரில் தொடங்கியது. 1100 எபிசோடைத் தாண்டியாகிவிட்டது, கதை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பரில் ஜம்ப் ஃபெஸ்டா என்ற ஜப்பானியப் படக்கதை விழாவில் ஓர் அறிவிப்பு வந்தது. விட் ஸ்டுடியோ, நெட்ஃப்ளிக்ஸுக்காக, ‘தி ஒன் பீஸ்’ என்ற பெயரில் அதே கதையை முதலிலிருந்து எடுக்கப்போகிறது. லூஃபி தனியாளாகக் கடலுக்குக் கிளம்பி, ஜோரோ, நாமி, உசோப், சஞ்சி என்று ஆள் சேர்க்கும் ஈஸ்ட் ப்ளூ பகுதியிலிருந்து.

எனக்கு இதில் சந்தோஷம்தான். இயக்குநர் மசாஷி கொய்சுகா, ‘அட்டாக் ஆன் டைட்டன்’ இரண்டாம், மூன்றாம் சீசன்களை இயக்கியவர். அந்தக் கையில், நாமியின் ஊரை ஆர்லாங் என்ற கொள்ளைக்காரன் ஆட்டிப்படைக்கும் ஆர்லாங் பார்க் பகுதி எப்படி இருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. ஆனால் நம்ம பட்டாலை அண்ணன், “பழைய வீடு நல்லா நிற்கும்போது எதற்கடா புது வீடு” என்கிறார். அண்ணே, இங்கே வந்து சொல்லுங்கள்.

பழைய பட்டாலை:
வந்துவிட்டேன் தம்பி. சொன்னதையே சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் எங்கள் தெருவில் ஒரு வீடு. பர்மாத் தேக்குத் தூண் பன்னிரண்டு. பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை, தூணும் நிலையும் பிரித்து விற்றார்கள். அதே மனையில் இப்போது ‘செட்டிநாட்டு பாணி’யில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சிமெண்டுத் தூணுக்கு மரக்கலர் அடித்திருக்கிறது. போட்டோவில் அழகாகத்தான் இருக்கிறது. தூணில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் தெரியும், முதுகு சுடும்.

2004-ல் மலேசியாவிலிருந்து மாமா கொண்டுவந்த விசிடியில் நான் ஈஸ்ட் ப்ளூ பார்த்தேன். சப்டைட்டில் ஒரு வார்த்தை புரியாது, யாரோ அகராதியை உதறிக் கொட்டியதுபோல இருக்கும். அப்படியும் அழுதேன். மயூமி தனகாவின் குரலுக்கு சப்டைட்டில் தேவைப்படவில்லை. 1999-லிருந்து லூஃபிக்கு அந்த அம்மாதான் பேசுகிறார். அதை விட்டுவிட்டு இன்னொன்றா?

கந்தரப்பம்:
அண்ணே, உவமை தப்பு. உங்கள் தெருவில் இடித்துவிட்டுக் கட்டினார்கள். இங்கே யார் எதை இடித்தார்கள்? டோயி அனிமே அங்கேயேதான் இருக்கிறது, இன்னும் வந்துகொண்டும் இருக்கிறது. பக்கத்து மனையில் இன்னொருவர் வீடு கட்டினால் உங்களுக்கு என்ன போயிற்று?

நடுநிசி நாரதர்:
பக்கத்து மனை என்றால் பொதுச்சுவர் பிரச்சினை வரும். நம் ஊரில் அதற்கே மூன்று தலைமுறை கேஸ் நடக்கும். :)

ஆத்தங்குடிக் கல்:
எங்கள் சித்தப்பாவுக்கு டைல்ஸ் பட்டறை. அதனால் நானும் என் பங்குக்கு ஓர் உவமை சொல்லிக்கொள்கிறேன்.

ஆத்தங்குடிக் கல் செய்கிறவர் பூவைத் தலைகீழாகத்தான் வார்க்கிறார். கண்ணாடியை அடியில் வைத்து, அதன்மேல் அச்சு, அச்சுக்குள் கலர்ச் சிமெண்டு, அதற்கும் மேலே மணலும் சிமெண்டும். செய்யும்போது அவர் பார்ப்பது முதுகைத்தான். காய்ந்து திருப்பினால்தான் முகம். பழைய செல் அனிமேஷனும் இப்படித்தான்: ஒளி ஊடுருவும் தாளின் பின்பக்கம் வண்ணம் தீட்டுவார்கள், முன்பக்கமாகப் படம் பிடிப்பார்கள். ‘டிராகன் பால் இசட்’ முழுக்க அப்படிக் கையால் தீட்டியது, 291 எபிசோடு. 2009-ல் அதையே மறுபடி சொன்னபோது புதிதாக வரையவில்லை. பழைய படச்சுருளை எடுத்து, இழுவையை வெட்டி, ‘டிராகன் பால் காய்’ என்று கொடுத்தார்கள். பழைய வீட்டுக் கல்லைப் பெயர்த்துப் புது வீட்டில் பதிப்பதுபோல. மறுபடி சொல்வதென்றால் எனக்கு அதுதான் சரியான வழி.

செக்காலை ஜோரோ:
பெயர்க்கும்போது உடைந்த கல்லுக்குப் பதில் என்ன வைத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ‘காய்’யில் நடுநடுவே சில காட்சிகளைக் கம்ப்யூட்டரில் மேலே கோடு போட்டு வரைந்து ஒட்டினார்கள். ஓடுகிற காட்சியில் திடீரென்று நாயகன் கோகுவின் முகம் மட்டும் வேறு ஆள் மாதிரி மாறும். பத்துக் கல்லுக்கு நடுவில் ஒரே ஒரு மெஷின் டைல்.

ஆத்தங்குடிக் கல்:
அதை ஒத்துக்கொள்கிறேன். கண்ணில் குத்தும்.

பழைய பட்டாலை:
சரி, உவமையை விடுவோம், கணக்குக்கு வருவோம். மறுபடி எடுக்க எல்லோரும் சொல்கிற காரணம் “டோயி இழுக்கிறது” என்பது. எங்கே இழுக்கிறது? டிரஸ்ரோசா என்ற பிற்பகுதியில். மாங்காவில், அதாவது மூலப் படக்கதையில், 102 அத்தியாயம், அனிமேவில் 118 எபிசோடு. ஓர் அத்தியாயத்துக்கு ஓர் எபிசோடுக்கும் மேலே. ஒருவன் கத்தியை ஓங்குவான், சுற்றி நிற்கிற இருபது பேர் முகத்தையும் காட்டி முடிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடும்.

ஈஸ்ட் ப்ளூவைப் பாருங்கள். 100 அத்தியாயம், 61 எபிசோடு. அதிலும் கடைசி ஏழெட்டு, மாங்காவில் இல்லாத போர்க்கப்பல் தீவுக் கதை. அதைக் கழித்தால் ஓர் எபிசோடுக்குக் கிட்டத்தட்ட இரண்டு அத்தியாயம். இழுவையே இல்லாத ஒரே பகுதி அது. ஒழுகுகிற ஓட்டை விட்டுவிட்டு, நன்றாக இருக்கிற முகப்பைப் பெயர்க்கிறார்கள்.

(உவமையை விடுவோம் என்று சொன்னது நான்தான். மன்னிக்கவும்.)

செக்காலை ஜோரோ:
இந்தக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. மீன்மனிதர் தீவுப் பகுதியை டோயியே 2024-ல் சுருக்கி, ஐம்பதுக்கு மேற்பட்ட எபிசோடை 21-ஆக்கிக் கொடுத்தபோது நானும் அதைத்தான் நினைத்தேன். டிரஸ்ரோசாவுக்கும் ஒரு கத்தரிக்கோல் வேண்டும்.

ஆனால் முதலிலிருந்து எடுப்பவன் முதலிலிருந்துதானே தொடங்க முடியும்?

கோட்டையூர் கோபி:
வணக்கம். பிளஸ் டூ படிக்கிறேன். நான் ‘ஒன் பீஸ்’ இன்னும் பார்க்கவில்லை. பார்க்க முயன்றேன், முடியவில்லை. அதைச் சொல்லலாமா?

கந்தரப்பம்:
சொல்லு தம்பி. இங்கே உனக்குத்தான் உண்மையான ஓட்டு.

கோட்டையூர் கோபி:
நன்றி அக்கா. படம் சதுரமாக, இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தது. அது பரவாயில்லை. முதல் எபிசோடில் ஒரு பீப்பாயிலிருந்து ஒருவன் வெளியே வருகிறான். வைக்கோல் தொப்பியைத் தொட்டால் கோபப்படுகிறான். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு, மூன்று வரை பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. சரி, இது நமக்கு இல்லை என்று விட்டுவிட்டேன்.

கந்தரப்பம்:
அடப்பாவமே. நாலாவது எபிசோடுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாய்! ஷாங்க்ஸ் கதை அதில்தான் வருகிறது.

பட்டாலை அண்ணே, கவனியுங்கள். மாங்காவின் முதல் அத்தியாயமே அதுதான். சின்னப் பையன் லூஃபியைக் கடல் அரக்கனிடமிருந்து காப்பாற்றப்போய் ஷாங்க்ஸ் ஒரு கையை இழக்கிறார், பிறகு தன் தொப்பியை அவன் தலையில் வைத்துவிட்டுப் போகிறார். 1997-ல் மாங்காவை எழுதுகிற ஓடா கதையைத் தொடங்கிய இடம் அது. டோயி அதைத் தூக்கி நாலாவது எபிசோடில் வைத்தது. நமக்கெல்லாம் பழகிவிட்டது. புதிதாக வருகிற இந்தப் பையனுக்குத் தொப்பி வெறும் தொப்பி.

இன்னொன்று. இது எனக்கு நெஞ்சில் கிடக்கிற பழைய கணக்கு. ஜெஃபின் கால்.

கப்பல் உடைந்து, கடற்கொள்ளைக்காரர் ஜெஃபும் சின்னப் பையன் சஞ்சியும் ஒரு மொட்டைப் பாறையில் ஒதுங்குகிறார்கள். சின்ன மூட்டையைப் பையனிடம் கொடுத்து, பெரிய மூட்டையைத் தான் வைத்துக்கொள்கிறார் ஜெஃப். நாள் போகப்போகப் பசி தாங்காமல் பையன் கத்தியோடு வருகிறான். பெரிய மூட்டையைக் கிழித்தால் உள்ளே தங்கமும் நகையும்தான். சாப்பாடு மொத்தமும் பையனுக்கே போயிருக்கிறது. அப்போதுதான் அவர் காலைப் பார்க்கிறான். மாங்காவில், தன் காலைத் தானே கல்லால் துண்டித்துத் தின்று உயிரோடு இருக்கிறார் மனிதர். 85 நாள்.

டிவியில் என்ன செய்தார்கள்? கடலில் மூழ்குகிற பையனைக் காப்பாற்றும்போது கால் போனதாக மாற்றிவிட்டார்கள். அதுவும் தியாகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எந்த வீரனும் செய்வது. எங்கள் ஐயா வீட்டு விசேஷங்களுக்குச் சமைக்க வருகிறவர் கடைசிப் பந்தி எழுந்திருக்காமல் இலை முன் உட்கார மாட்டார். மாங்காவின் ஜெஃப் அந்த ஜாதி. பசித்து வந்தவன் திருடனானாலும் எதிரியானாலும் சஞ்சி சோறு போடுகிறானே, அது அந்தப் பாறையில் வந்த குணம். 2023-ல் வந்த நெட்ஃப்ளிக்ஸின் நடிகர்கள் நடித்த தொடரில்கூட மாங்காவில் உள்ளபடியே காட்டினார்கள். அனிமேவில் மட்டும் இன்னும் இல்லை. விட் ஸ்டுடியோ அந்த ஒரு காட்சியைச் சரியாக எடுத்தால் எனக்குப் போதும்.

நடுநிசி நாரதர்:
சாப்பிட்டுக்கொண்டே படித்தேன். உப்புக்கண்டம். இனி முடியாது.

பழைய பட்டாலை:
ஆத்தா, நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மாற்றியதாலேயே கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்வாய்?

வருஷா வருஷம் கம்பன் விழாவுக்குப் போகிறோம். வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கிப்போகிறான். கம்பர் அதைத் தொடவிடவில்லை. பர்ணசாலையோடு, நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். கல்யாணத்துக்கு முன்னால் மிதிலையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும் வால்மீகியில் இல்லை. யாராவது மேடையில் ஏறி “கம்பர் மூலத்தை வெட்டிவிட்டார்” என்று சண்டை போட்டார்களா? தன் ஊர், தன் காலம், தன் ஜனம் பார்த்து மாற்றுவது சொல்கிறவன் உரிமை. டோயி புதன்கிழமை சாயங்காலம், குழந்தைகள் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு எடுத்தது. காலைத் தின்பதைக் காட்ட முடியுமா?

கந்தரப்பம்:
அண்ணே, நன்றி. ரொம்ப நன்றி. மறுபடி சொல்கிறவனுக்கு உரிமை உண்டு என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அந்த உரிமை டோயிக்கு உண்டு, விட் ஸ்டுடியோவுக்கு மட்டும் கிடையாதா? வால்மீகி போதும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நாட்டரசன்கோட்டையில் நாம் யார் சமாதிக்குப் போய் நிற்பது?

அப்புறம், கம்பர் மாற்றியது அவருடைய சீதைக்காக. டிவி மாற்றியது கடிகாரத்துக்காக. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

செக்காலை ஜோரோ:
அண்ணன் தட்டச்சு செய்துகொண்டே இருக்கிறார். இருபது நிமிஷமாக.

பழைய பட்டாலை:
சரி. பிடித்துவிட்டாய். உரிமை பற்றிய பேச்சை வாபஸ் வாங்குகிறேன். எனக்கு இருப்பது பயம். அதையே சொல்லிவிடுகிறேன்.

மறுபடி சொல்கிறவன், பார்க்கிறவனுக்குக் கதை தெரியும் என்று நினைத்துவிடுகிறான். அங்கேதான் அவசரம் வருகிறது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ எடுத்துக்கொள். 2003 தொடரில் ஹியூஸ் என்ற ராணுவ அதிகாரி சாகிறது 25-ஆம் எபிசோடில். அதற்குள் அவர் மகளை, போட்டோ காட்டியே எல்லோரையும் அறுக்கிற பழக்கத்தை, எல்லாம் நமக்குப் பழக்கிவிட்டார்கள். 2009-ல் மறுபடி எடுத்த ‘பிரதர்ஹுட்’டில் 10-ஆம் எபிசோடிலேயே ஆள் காலி. அழுகை வந்தது, ஆனால் அது 2003-ல் சேர்த்து வைத்த அழுகை. 2011 ‘ஹன்டர் ஹன்டர்’ இன்னும் மோசம். மாங்காவின் முதல் அத்தியாயத்தில் வருகிற கைட் என்பவரையே தொடக்கத்தில் விட்டுவிட்டு, எழுபது எபிசோடு கழித்து நினைவுக் காட்சியில் கொண்டுவந்தார்கள். அவர் சாவு புதிதாகப் பார்க்கிறவனை எப்படி அடிக்கும்?

நாமியின் அம்மா பெல்மேர் விஷயமும் அப்படித்தான். பெரியவர் தலைக்கு ஒரு லட்சம், பிள்ளைக்கு ஐம்பதாயிரம் என்று ஆர்லாங் வரி கேட்கிறான். அவளிடம் இருப்பது ஒரு லட்சம். எனக்குப் பிள்ளையே இல்லை என்று சொன்னால் அவள் பிழைப்பாள். சொல்ல மனசு வராமல் இரண்டு பிள்ளைக்கும் கட்டிவிட்டுச் செத்துப்போகிறாள். இதற்கு முன்னால் அந்த ஆரஞ்சுத் தோட்டமும், வீட்டில் பணமில்லாத சண்டையும் நிதானமாக வரவேண்டும். பத்து நிமிஷத்தில் முடித்தால் நான் நேரில் போய் விட் ஸ்டுடியோ வாசலில் உட்காருவேன்.

நடுநிசி நாரதர்:
என் பெயருக்காவது ஒரு வார்த்தை பேசுகிறேன். பள்ளத்தூர்ப் பக்கம் திருவிழா ராத்திரி ‘வள்ளி திருமணம்’ போடுவார்கள். வள்ளிக்கு முருகனோடு கல்யாணம் ஆகும் என்பது பால்குடிக்குக்கூடத் தெரியும். ஆனாலும் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுவதைக் கேட்க விடிய விடியக் கூட்டம் நிற்கும். நேரமாச்சு என்று தர்க்கத்தைச் சுருக்கினால் மேடைக்குச் செருப்பு வரும். அண்ணன் சொல்வது சரி. கதை தெரிந்தவனுக்குத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

செக்காலை ஜோரோ:
அவசரம் எல்லோருக்கும் வருவதில்லை அண்ணே. ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’ 2001-ல் 26 எபிசோடு, பாதிக் கதையில் நின்றது. 2019-ல் மறுபடி தொடங்கி 63 எபிசோடில் முழுக்கச் சொன்னார்கள். அதன் திரைக்கதைப் பொறுப்பு டாகு கிஷிமோதோ. ‘தி ஒன் பீஸ்’ திரைக்கதைப் பொறுப்பும் அவர்தான்.

பழைய பட்டாலை:
இதை ஏன் சனிக்கிழமையே சொல்லவில்லை? டீக்காசு நான் கொடுத்திருக்க மாட்டேன்.

இருந்தாலும் கோபி தம்பி, புதிது வருகிறவரை காத்திருக்காதே. நாலாவது எபிசோடு பார். பிறகு 31-லிருந்து விடாமல் 37 வரை. நடுவில் போனை எடுக்காதே.

ஆத்தங்குடிக் கல்:
20-லிருந்து பார்க்கச் சொல்லுங்கள் அண்ணே. சஞ்சி கதை போய்விடும்.

கந்தரப்பம்:
அதைப் பார்த்துவிட்டு, மாங்காவில் அந்தப் பாறை அத்தியாயத்தையும் படி. கால் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கோட்டையூர் கோபி:
நாலு பார்த்தேன். தொப்பி புரிந்தது. 20-லிருந்து இரண்டு நாளாகப் பார்த்தேன்.

இப்போதுதான் 37 முடிந்தது. நாமி கத்தியால் கையைக் குத்திக்கொள்ளும்போது லூஃபி தடுத்து, ஒன்றும் பேசாமல் அந்தத் தொப்பியை அவள் தலையில் வைக்கிறானே. மணி இரண்டரை. பக்கத்தில் அப்பத்தா தூங்குகிறார்கள், சத்தம் போட முடியாது. காலையில் கெமிஸ்ட்ரி டெஸ்ட்.

நடுநிசி நாரதர்:
தூங்கு தம்பி.

பழைய பட்டாலை:
38 டெஸ்ட்டுக்கு அப்புறம்.

கோட்டையூர் கோபி:
போட்டுவிட்டேன் அண்ணே.