ஊராட்சித் தேர்தல் மறுஎண்ணிக்கை: மேசையில் கோட்டை விட்டால் கோர்ட்டில் பிடிப்பது கடினம்

ஊராட்சித் தேர்தலில் தோற்றவர்கள் முடிவு வந்த மறுநாளே ஐகோர்ட்டில் ரிட் மனு போட ஓடுகிறார்கள். அரசியலமைப்பின் 243-ஓ பிரிவு அந்த வழியை அடைத்துவைத்திருக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 258ஆம் பிரிவுப்படி மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் மனுதான் போட வேண்டும். முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாள் கெடு. ரிட் தள்ளுபடியாகி வருவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

—

மேலே சொன்னது சட்ட வழி. ஆனால் வழக்கின் உயிர் எண்ணும் மேசையில்தான் இருக்கிறது. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நாலு பதவிக்கான நாலு வாக்குச்சீட்டும் ஒரே பெட்டியில் விழுகின்றன. நிறம் பிரிக்கும்போது தலைவர் சீட்டு எத்தனை தேறியது என்று வேட்பாளரின் முகவர் குறித்துக்கொண்டு, வாக்குச்சாவடி அலுவலர் தந்த சீட்டுக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். செல்லாதவை என்று ஒதுக்கியதையும் பாருங்கள். மடித்ததில் மை எதிர்ப்பக்கம் ஒட்டியிருந்தால் அந்தச் சுவஸ்திக் முத்திரை திசை மாறித் தெரியும்; அதை இரட்டை முத்திரை என்று தள்ள விடாதீர்கள்.

மொத்தம் வாசித்ததும், வெற்றியாளரை அறிவிக்கும் முன்பே, மறுஎண்ணிக்கை கேட்டு எழுத்தில் கொடுங்கள். எந்தச் சாவடி, எத்தனை சீட்டு வித்தியாசம் என்று எண்ணோடு எழுதி, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

—

அந்த எண்கள் இல்லாமல் "முறைகேடு நடந்தது" என்று மட்டும் மனு போட்டால் நிற்காது. வாக்கின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதால் சந்தேகத்துக்காகக் கோர்ட் பெட்டியைத் திறக்காது. தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவர் வழக்கு ஒன்றில் (ஷம்சுதீன் வழக்கு, 1989) சுப்ரீம் கோர்ட் இன்னும் கடுமையாகச் சொன்னது: மறுஎண்ணிக்கையில் முடிவு மாறியதைக் காட்டி, ஆதாரமின்றிப் பிறப்பித்த மறுஎண்ணிக்கை உத்தரவை நியாயப்படுத்த முடியாது.

தன்னையே வென்றவராக அறிவிக்கக் கேட்பவர், போட்டியிட்ட எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுவது நல்லது. சீட்டுகளையும் வீடியோ பதிவையும் அழிக்காமல் வைக்க இடைக்கால மனுவும் அன்றே போடுங்கள்.

—

வீடியோ எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 ஜனவரி 30 சண்டிகர் மேயர் தேர்தலே சாட்சி. 36 வாக்கில் 8 செல்லாது என்று தள்ளி, 16-12 என்று அறிவித்தார்கள். அந்த 8 சீட்டிலும் தேர்தல் நடத்தும் அதிகாரியே பேனாவால் குறியிட்டது கேமராவில் இருந்தது. பிப்ரவரி 20 அன்று சுப்ரீம் கோர்ட் சீட்டுகளை நேரில் பார்த்து, முழு நீதி வழங்க அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் 12 வாக்குக்காரரையே மேயராக அறிவித்தது. அங்கே கேமரா இல்லாதிருந்தால் அது வெறும் குற்றச்சாட்டாகவே போயிருக்கும்.

—

காலதாமதத்தையும் சொல்ல வேண்டும். ஹரியானா பானிபட் மாவட்டத்தில் 2022 நவம்பரில் நடந்த சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) தேர்தலில், ஒரே ஒரு சாவடியில் இருவரின் வாக்கு இடம் மாறியதுதான் தகராறு. சுப்ரீம் கோர்ட் தன் வளாகத்திலேயே இயந்திரங்களை எண்ணவைத்து 1051-1000 என்று தெரிந்தது 2025 ஆகஸ்டில். ஐந்தாண்டுப் பதவியில் பாதிக்கு மேல் அதற்குள் போயிருந்தது. மனு போட்ட நாளிலிருந்தே விரைவு விசாரணை கேட்டுக்கொண்டே இருங்கள்.