தேவாங்கு அடாபிஸின் வாரிசா?

மலையோரத்தான்:
குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. போன வாரம் விடியற்காலை நாலு மணிக்குத் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போனால், ஓரத்து அயனி மரத்தில் இரண்டு கண் கனலாக மின்னுகிறது. தேவாங்கு! வீட்டில் சொன்னதும் மகள், அது அடாபிஸ் என்ற அழிந்துபோன இனத்தின் வாரிசு என்கிறாள். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியோ குமரிக்கண்டத்திலிருந்து தப்பி வந்தது என்கிறார். யார் சொல்வது சரி?

தோவாளைக்காரி:
மகள் பாதி சரி அண்ணே. பாரிஸ் மொன்மார்த்ர் ஜிப்சம் குவாரியில் கிடைத்த எலும்புக்கு 1821-இல் அடாபிஸ் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் கூவியே, அவரே அதைக் குளம்பு விலங்கு வகை என்றுதான் நினைத்தார்! பிறகுதான் மடகாஸ்கர் தீவின் லெமூர், நம் தேவாங்கு பக்கத்துச் சொந்தம் என்று தெரிந்தது. ஆனால் பல்லைப் பாருங்கள். தேவாங்குக்குக் கீழ்த்தாடை முன்பற்கள் சீப்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்துத்தான் முடி கோதும். அடாபிஸ் கூட்டத்துக்கு அந்தச் சீப்பு கிடையாது. அதனால் நேர் பாட்டன் இல்லை, பாட்டனுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம்.

கடுக்கரை:
அந்தக் கூட்டம் நம் நாட்டிலும் இருந்திருக்கிறது, அதை யாரும் சொல்வதே இல்லை. குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஆசியாடாபிஸ் தாடைகள் கிடைத்தன. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகம் குளிர்ந்தபோது ஐரோப்பாவில் இவை அநேகமாகத் தீர்ந்துபோயின, ஆனால் இமயமலை அடிவாரத்து சிவாலிக்கில் சிவலடாபிஸ் 80, 90 லட்சம் ஆண்டு முன்புவரை தாக்குப்பிடித்தது.

அப்புறம் குமரிக்கண்டம். மடகாஸ்கரில் லெமூரும் இந்தியாவில் அதன் சொந்தமான தேவாங்கும் இருப்பதை விளக்க ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1864-இல் கடலுக்குள் ஒரு நிலத்தைக் கற்பனை செய்து லெமூரியா என்றார், நம்மவர்கள் அதைப் பிறகு குமரிக்கண்டத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த நிலம் தேவைப்படவில்லை. இலக்கியம் சொல்லும் கடல்கோள் வேறு, இது வேறு, இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மலையோரத்தான்:
அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொல்கிறேன். அப்படியானால் தேவாங்கின் சொந்தப் பாட்டன் யார்?

தோவாளைக்காரி:
நேர் பாட்டன் இன்னார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எகிப்தின் ஃபயூம் பாலைவனத்தில் கிடைத்த புதைபடிவங்களைப் பற்றித் தேடிப் படிக்கச் சொல்லுங்கள் மகளை. கரனிசியா, சஹாராகலாகோ, இரண்டையும் 2003-இல் அறிவித்தார்கள், 3.5 கோடி ஆண்டுக்கும் முந்தையவை. கரனிசியாவிடம் சீப்புப் பல்லுக்கான தடயம் இருக்கிறது.