ராத்திரி திடீர்னு நெஞ்சு படபடப்பு, இது ஹார்ட்டா டென்ஷனா?

தூக்கம்போச்சு:
ஒரு மாசமா நடுராத்திரி முழிப்பு வருது, நெஞ்சு திக்குதிக்குனு அடிக்குது, விரல் நுனி, உதட்டைச் சுத்தி மரத்துப்போகுது, செத்துருவோம்னே தோணுது. இசிஜி நார்மல்னுட்டாங்க. அப்ப என்னதான் இது?

அரட்டைமணி:
எனக்கும் இதே கதை, பேனிக் அட்டாக்னாங்க. பொதுவா 10 நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போய் அப்புறம் மெல்ல இறங்கும். மரத்துப்போறது ஏன்னா பயத்துல வேகவேகமா மூச்சு விடுறோம்ல, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ரொம்ப குறைஞ்சுடும், அதான் கை வாயெல்லாம் குறுகுறுங்குது. மூச்சை மெதுவா, இழுக்கிறதை விட விடுறதை நீளமா விட்டுப் பாருங்க.

சும்மாவந்தவன்:
உடனே மனசு பிரச்சனைன்னு முடிவு கட்டாதீங்கப்பா. தைராய்டு ஜாஸ்தியா சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும். டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான ரத்த டெஸ்ட்), ஹீமோகுளோபின் பாத்தீங்களா? சாயங்காலம் காபி வேற குடிக்கிறீங்களா? இசிஜி எடுக்கிற நேரத்துல துடிப்பு சரியா இருந்தா நார்மல்னுதான் வரும், 24 மணிநேர ஹோல்ட்டர் (உடம்புல மாட்டிக்கிட்டு நாள் பூரா இதயத்துடிப்பைப் பதியற சின்ன மெஷின்) பத்தி டாக்டர்ட்ட கேளுங்க.

அரட்டைமணி:
அதுவும் சரிதான். ஆனா நெஞ்சை அழுத்துற மாதிரி வலி, இடது கை தாடைக்குப் பரவுது, குளிர்ந்த வேர்வை, மயக்கம்னா மூச்சுப்பயிற்சி பண்ணிட்டு உக்காராதீங்க, நேரா எமர்ஜென்சி.

தூக்கம்போச்சு:
காபி மூணு கப் சார் 🙈 நாளைக்கே ரத்தம் குடுத்துட்டு வரேன்