சென்னை வெயிலில் ஆக்சலாட்டல் வளர்க்க முடியுமா?

கேள்வி: வேளச்சேரி வாசகி

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்ததிலிருந்து ஆக்சலாட்டல் வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். (தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களுடன், வாழ்நாள் முழுதும் நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை உயிர் இது.) கப்பி மீன்கள் இருக்கும் மூன்றடித் தொட்டி ஒன்று எங்களிடம் உள்ளது. மீன் கடைக்காரர், மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, வெயில் அதிகமான நாட்களில் பனிக்கட்டி போட்டால் போதும் என்கிறார். வாங்கிய பிறகு அந்த உயிர் துன்பப்படுவதைப் பார்க்க எங்களுக்கு மனமில்லை. வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் உண்மை நிலையைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஏரிக்கரை

அம்மா, சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் மின்கருவி) வாங்க முடியாத நிலையில் இந்த உயிரை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆக்சலாட்டலின் தாயகம் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரிப்பகுதி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அதாவது நம் ஊட்டியின் உயரம். அதனால் அதற்கு ஏற்ற நீர் வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரைதான். 20-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது; 24-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உணவைத் தவிர்க்கும், செவுளில் பஞ்சு போன்ற பூஞ்சை படரும், இறுதியில் உயிருக்கே ஆபத்தாகும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. அதே வெப்பம் அதன் உடலின் ஆக்சிஜன் தேவையை அதிகரிக்கிறது. இரண்டு பக்கமும் நெருக்கடி என்பதால்தான் வெப்பம் அதை இவ்வளவு விரைவாக வீழ்த்துகிறது.

மின்விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த சென்னையில் அதனால் சில டிகிரிகளே குறையும். மே மாதத்தில் 32 டிகிரியில் இருக்கும் நீர் 29-க்கு வந்து என்ன பயன்? பனிக்கட்டியோ வெப்பநிலையைச் சட்டென்று இறக்கி, சில மணி நேரத்தில் மீண்டும் ஏறவிடுகிறது. அந்த ஏற்ற இறக்கமே தனி அழுத்தம். சில்லர், நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்தான் விடும். ஆகவே காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் அதை வைக்காதீர்கள்.

மறுமொழி 2: மண்புழு

மேலே சொன்னது முழுக்கச் சரி. சில்லர் வாங்க முடிவெடுத்தால் மூன்றடித் தொட்டி ஒரு ஆக்சலாட்டலுக்குப் போதுமானது. கப்பிகளை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். அவை வெப்பமண்டல மீன்கள், இந்தக் குளிர் அவற்றுக்கு ஒவ்வாது. அதோடு ஆக்சலாட்டலின் செவுள் இழைகளை உணவென்று எண்ணிக் கடிக்கும்.

அடியிலுள்ள கூழாங்கற்களையும் எடுத்துவிடுங்கள். ஆக்சலாட்டல் இரையை வாயால் உறிஞ்சி விழுங்குவதால், வாய்க்குள் போகக்கூடிய எந்தக் கல்லும் குடலை அடைத்துவிடும். மிக நுண்ணிய மணல் போடலாம், அல்லது வெறும் கண்ணாடியாகவே விடலாம். சில்லருக்கு நீர் அனுப்பும் பம்பு நீரோட்டத்தை உண்டாக்கும் என்பதையும் கவனியுங்கள்: செவுள்கள் முன்பக்கமாக வளைந்தே இருந்தால் ஓட்டம் அதிகம் என்று பொருள். வெளிவரும் நீரைக் கண்ணாடிச் சுவரில் மோதும்படி திருப்பிவிட்டால் சரியாகும்.

புதிதாகத் தொடங்கும் தொட்டியில் விலங்கை விடுவதற்கு முன், அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் வளர வேண்டும். இதற்குப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிர்ந்த நீரில் அவை மெதுவாக வளரும் என்பதால், இந்தக் கட்டத்தில் சில்லரை இயக்காமல், டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே நீரைக் குளிரச் செய்யுங்கள். குழாய் நீருக்கு, அதிலுள்ள குளோரினை நீக்கும் ஆன்டிகுளோரின் கட்டாயம். உணவுக்கு மண்புழுவை விடச் சிறந்தது எதுவுமில்லை. உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணில் எடுத்ததாக இருக்கட்டும். வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை கொடுத்தால் போதும்.

மறுமொழி 3: வனம் சார்ந்தவன்

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஆக்சலாட்டல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், இத்தகைய உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் தராத கடையில் வாங்காதீர்கள்.

காட்டு நிலை மிகவும் வேதனையானது. சோச்சிமில்கோவில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று மதிப்பிடப்பட்ட எண்ணிக்கை, 2014-இல் 36 ஆகச் சரிந்திருந்தது. நகரக் கழிவுநீரும், மனிதர் கொண்டுவந்து விட்ட கெண்டை, திலாப்பியா மீன்களும் இதற்கு முக்கியக் காரணங்கள். நல்ல பராமரிப்பில் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது என்பதால், மகள் கல்லூரிக்குச் சென்ற பிறகும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

வேளச்சேரி வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளுடன் சேர்ந்து படித்தேன். சில்லருக்குப் பணம் சேரும் வரை காத்திருக்க ஒப்புக்கொண்டாள். கோடையில் மின்வெட்டு வந்தால் என்ன செய்வது?

மறுமொழி 4: ஏரிக்கரை

அந்த நேரத்துக்கு மட்டும் பனி உதவும். நீர் நிரப்பி இறுக மூடிய சிறிய பாட்டில்களை உறைய வைத்து, ஒவ்வொன்றாக மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள். பேட்டரியில் இயங்கும் ஏர் பம்பு ஒன்றையும் வாங்கி வையுங்கள். ஓட்டம் நின்றால் ஃபில்டரிலுள்ள பாக்டீரியாக்களும் ஆக்சிஜன் இல்லாமல் மடியத் தொடங்கும்.