தவணைப் புள்ளிகளைக் கூகிள் ஷீற்றுக்கு மாற்றுவது: ஆசிரியர்களை எப்படி இணங்க வைப்பது?

உப்புவெளியான்:
திருகோணமலை நகரையொட்டிய பாடசாலை, 38 ஆசிரியர்கள். இப்போது புள்ளியைத் தாளில் எழுதி, வகுப்பாசிரியர் கூட்டி, கடைசியில் ஒருவர் எக்ஸெல்லில் தட்டுகிறார். இனிப் பாட ஆசிரியர்களே கூகிள் ஷீற்றில் (பலரும் இணையத்தில் சேர்ந்து நிரப்பும் அட்டவணை) போடவேண்டும் என்று அதிபர் பொறுப்பைத் தந்திருக்கிறார். அரைநாள் பயிற்சி வைத்தாயிற்று. எல்லோரும் தலையாட்டினார்கள், மறுநாள் பழைய தாளோடு வந்தார்கள். மூத்தவர்கள் "எங்களை விடுங்கோ தம்பி" என்கிறார்கள். பெயர்ப் பட்டியல் முழுக்கப் பாமினி எழுத்துருவில். எங்கிருந்து தொடங்கலாம்?

மூதூர்ப்பாதை:
ஷீற்றில் போட்ட பிறகும் தாளைக் கேட்பீர்களா? கேட்டால் இது நடக்காது. ஒரு ஆசிரியருக்கு 4 வகுப்பு, வகுப்புக்கு 35 பிள்ளைகள் என்றால் 140 புள்ளி. அதை இரண்டு முறை எழுத யாருக்குத்தான் மனம் வரும்? வயதின் மேல் பழி போடாதீர்கள்.

ஒரே ஒரு தரத்தை எடுங்கள், 8 என்று வைப்போம். தவணைப் பரீட்சை வேண்டாம். அதற்கு முந்திய அலகுப் பரீட்சையில் பாருங்கள். அந்தத் தரத்துக்குக் கைத்தாள் இல்லை என்று அதிபரே எழுத்தில் தரவேண்டும்.

1.30 மணி அடித்த பிறகு பயிற்சி வைத்தால் கிண்ணியா, மூதூர் போகிறவர்களின் கண் பஸ்ஸில்தான். வெள்ளி என்றால் ஜும்ஆத் தொழுகை. ஆசிரியரின் ஓய்வுப் பாடவேளை, அந்த 40 நிமிடம் போதும்: அவருடைய சொந்தப் போன், அவர் திருத்திய விடைத்தாள்கள், பக்கத்தில் ஒருவர். அந்த ஒருவர் போனைத் தொடக்கூடாது. வாங்கித் தட்டிக் கொடுத்தால் அடுத்த தவணையும் அவர்தான் தட்டவேண்டிவரும்.

அட்டவணைக்காரி:
பாமினியை முதலில் தீர்த்துவிடுங்கள். அது யுனிகோட் (எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் குறிமுறை) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் காட்டும் எழுத்துரு. ஷீற்றில் ஒட்டினால் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். பாமினியை யுனிகோடாக்கும் மாற்றியில் பெயர் நிரலை மட்டும் போடுங்கள். ஆங்கில முதலெழுத்து கலந்திருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பும், ஒருதரம் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும்.

ஒவ்வொரு வரியும் சேர்விலக்கத்தில் (பாடசாலையில் சேரும்போது பிள்ளைக்குத் தரும் இலக்கம்) தொடங்கட்டும். ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இருக்கலாம். சேர்விலக்கம், பெயர், கூட்டுத்தொகை நிரல்களைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது பெயரை மட்டும் அகரவரிசைப்படுத்துவார்கள், புள்ளிகள் இருந்த இடத்திலேயே நிற்கும், ஒருவரின் கணிதம் இன்னொருவருக்குப் போய்விடும்.

புள்ளிக் கட்டங்களில் 0 முதல் 100 வரை மட்டும் ஏற்கும்படி தரவுச் சரிபார்ப்புப் போட்டு, 'எச்சரி' என்பதை விட்டு 'நிராகரி' என்பதைத் தெரியுங்கள். 78ஐ 788 என்று தட்டுவது போனில் சர்வசாதாரணம். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு 0 போடவே கூடாது, கட்டத்தை வெறுமையாக விடவேண்டும். 60, 70, 80 எடுத்த மூவரோடு வராத ஒருவருக்கு 0 போட்டால் சராசரி 52.5. வெறுமையாக விட்டால் 70.

திருமலையான்:
தாளை நிறுத்துவது சரி, ஆனால் முழுக்க அல்ல. புள்ளி முடிந்ததும் ஷீற்றைப் பிறின்ற் எடுத்து, பாட ஆசிரியர் ஒப்பமிட்டுக் கோப்பில் இருக்கட்டும். பெற்றோர் கேள்வி கேட்டு வந்தால் போனைக் காட்டி முடியாது.

கோப்பின் உரிமை பாடசாலைக் கணக்கில் இருக்கவேண்டும். ஒரு ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இருந்தால் இடமாற்றத்தோடு கோப்பும் போய்விடும். பாடசாலைக் கணக்காக இருந்தும், உறுதிப்படுத்தும் குறியீடு அவருடைய போனுக்கே போகும்படி விட்டுவைப்பதும் நடக்கிறது. கணக்கை மீட்கும் தொலைபேசி இலக்கம் அலுவலகத்துடையதாக இருக்கட்டும்.

வட்ஸ்அப் குழுவில் 'எவரும் திருத்தலாம்' என்ற இணைப்பை அனுப்பாதீர்கள். ஆளாளுக்கு மின்னஞ்சல் முகவரியால் அனுமதி கொடுங்கள். பலருக்குத் தங்கள் முகவரியே தெரியாது, போன் விற்ற கடைக்காரத் தம்பி உருவாக்கிக் கொடுத்ததாக இருக்கும். போன் செற்றிங்ஸில் பார்த்து ஒரு வாரம் முன்பே பட்டியலிடுங்கள்.

உப்புவெளியான்:
நன்றி. பின் கட்டடத்தில் சிக்னல் இல்லை. என்ன செய்யலாம்?

அட்டவணைக்காரி:
சிக்னல் உள்ள இடத்தில் வைத்தே ஷீற் செயலியில் அந்தக் கோப்பை 'ஆஃப்லைன்' என்று குறித்துவிடுங்கள். புள்ளியை உள்ளே இருந்து போடலாம். சிக்னல் வந்த பின் செயலியை ஒருதரம் திறந்து பார்த்தே ஆகவேண்டும், திறக்காமல் விட்டால் புள்ளி போனுக்குள்ளேயே கிடக்கக்கூடும். கடைசி நாள் மாலை வெறுங்கட்டங்களை எண்ணிப் பார்த்து, வராத பிள்ளைகளின் தொகையோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் கோப்பைப் பூட்டலாம்.