க்ரௌன் ஸ்ட்ரீட்: ஆறு வருடம் நிறையாத ஸ்டேஷன்

(நம் வீட்டுக் குழு)

நான்: [படம்] பெரியப்பா, லிவர்பூலில் என் அறைக்குப் பக்கத்துப் பூங்கா இது. புல்வெளி நடுவில் புகைபோக்கி மாதிரி செங்கல் தூண் ஒன்று நிற்கிறது, பாருங்கள்.

பெரியப்பா: எந்தத் தெரு தம்பி?

நான்: க்ரௌன் ஸ்ட்ரீட்.

பெரியப்பா: அடடா! இரண்டு பெரிய ஊர்களுக்கு நடுவே நேர அட்டவணைப்படி நீராவி இன்ஜினில் ஓடிய முதல் பயணிகள் ரயில் லிவர்பூல்-மான்செஸ்டர்தான். 1830 செப்டம்பர் 15-ஆம் தேதி திறந்தார்கள். லிவர்பூல் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் நீ நிற்கும் பூங்காவில்தான் இருந்தது. ரயில்வேயிலேயே காலம் கழித்தவன் நான், எனக்குக் கிடைக்காதது உனக்குக் கிடைத்திருக்கிறது.

அக்கா: படத்தில் ஸ்டேஷன் எதுவும் தெரியவில்லையே?

பெரியப்பா: 1836 ஆகஸ்டில் பயணிகளுக்கு மூடிவிட்டார்கள் அம்மா. ஊர் நடுவிலிருந்து தள்ளி இருந்தது, குதிரை வண்டியில்தான் ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் ஊருக்குள்ளேயே வந்ததும் யார் இவ்வளவு தூரம் வருவார்கள்?

நான்: நான் மான்செஸ்டருக்கு ரயில் ஏறுவது அந்த லைம் ஸ்ட்ரீட்டில்தான்!

அத்தை: குடியிருப்பு நடுவில் இன்ஜின் புகை வந்திருக்குமே அண்ணா?

பெரியப்பா: இன்ஜின் பக்கத்திலிருக்கும் எட்ஜ் ஹில் என்ற இடத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து ஒற்றைப் பாதைச் சுரங்கம், சுமார் 266 மீட்டர். வருகிற பெட்டிகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பார்கள். போகும்போது கயிறே வேண்டாம். பிரேக்கைத் தளர்த்தினால் பெட்டிகள் இருட்டுக்குள் சரிவில் தானாக உருண்டு இறங்கி எட்ஜ் ஹில் போய்ச் சேரும்.

அத்தை: திறப்பு நாளில் எம்.பி. ஒருவர் அடிபட்டு இறந்தார் என்பீர்களே, அது இந்தப் பாதையா?

பெரியப்பா: இதேதான். லிவர்பூல் எம்.பி. வில்லியம் ஹஸ்கிஸன். பார்க்சைடில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது கீழே இறங்கினார். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த 'ராக்கெட்' என்ற பெயருள்ள நீராவி இன்ஜின் காலில் ஏறிவிட்டது, அன்று இரவே போய்விட்டார். ஓடிவரும் ரயிலின் வேகத்தைக் கணிக்கும் பழக்கம் அன்று யாருக்கு இருந்தது? நினைத்தாலே மனசு கனக்கிறது.

நான்: அப்போ இந்தத் தூண்?

பெரியப்பா: அது வேறு சுரங்கத்தின் காற்றுப்போக்கி. உன் காலடியில் துறைமுகத்துக்குச் சரக்கு போன வாப்பிங் சுரங்கம் இருக்கிறது, சுமார் இரண்டு கிலோமீட்டர். பயணிகள் போன பிறகும் க்ரௌன் ஸ்ட்ரீட் சும்மா கிடக்கவில்லை, 1972 வரை நிலக்கரி யார்டாக உழைத்தது.

அக்கா: அம்மாடி, 136 வருடம் கரி சுமந்திருக்கிறது.

நான்: நாளைக்கு எட்ஜ் ஹில் போகிறேன் பெரியப்பா.

பெரியப்பா: கட்டாயம் போ. 1836-இல் கட்டிய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்த மணற்கல் சுவரைக் கிட்டப் போய்ப் படம் எடு. நான் தூங்காமல் காத்திருப்பேன்.